இதர காரணம்

சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடப்பதுபோல.

மூன்றாம் வகுப்பு.
ஜூனில் நாற்பத்தொன்று, இப்போது இருபத்தாறு.
அரும்பு ஒன்பது, மொட்டு பன்னிரண்டு, மலர் ஐந்து.
கூட்டிப் பார்த்தேன், சரிதான்.

தாய்மொழிப் பட்டியலில் போஜ்புரி இல்லை.
ரிங்கி குமாரிக்கு இந்தி என்று தட்டினேன்.
மலர் ஐந்தில் அவள் ஒருத்தி;
வாயப்பயம் என்கிற தினகரனை முறைப்பவள்.

விலகிய பதினைந்து பேருக்கும் காரணம் வேண்டுமாம்.
நோய். இறப்பு. இதர.
கால்வாய்க்கரை வீடுகளை இடித்த அன்று
இங்கே சொல்வதெழுதுதல்.
ஜேசிபி சத்தத்தில்
ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை கத்தினேன்.
‘கூரை’யை யாரும் தப்பாக எழுதவில்லை.

இதர. இதர. இதர.
பதினான்கு தட்டியபின்
டெல்பினா பெயரில் விரல் நின்றது.
ஸ்டான்லியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவோடு
பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
வாரத்தில் மூன்று நாள் வருகிறாள்,
இரண்டாம் பீரியட் முடியும்போது,
ஜன்னலோரம் அழுந்திய கன்னத்தோடு.

விட்டுவிட்டேன்.
கணக்கு இடித்தது.
இருபத்தாறை அழித்து இருபத்தேழு என்று போட்டேன்.

அரும்பா, மொட்டா, மலரா
என்று கேட்கிறது பெட்டி.

இரு,
நாளைக்கு வந்தால்
வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.