ஏழாவது ஆட்டம்

ஆறும் தோற்றோம்.
கம்பளையில் நாற்பத்தெட்டுக்குப் பூச்சியம்.
பண்டாரவளையில் ஐம்பதுக்கு மேல்
எண்ணுவதை விட்டுவிட்டோம்.

றக்பிக்குப் பதினைந்து பேர்,
சப்பாத்து பதினாலு சோடி.
மிஞ்சிய ஒற்றைகளில் கிங்ஸ்லிக்கு
இடது எட்டு, வலது ஒன்பது.

கடைசி ஆட்டம் ஹட்டனில், எங்கள் கொலிஜ் சரிவில்.
மேலே உதைத்தால்
பந்து எங்களிடமே உருண்டு வரும்.
இடைவேளை முடிய பனிமூட்டம் இறங்கிற்று.
கம்பம் இல்லை, எதிரணி இல்லை,
குரலைப் பார்த்துப் பந்தை எறிந்தோம்.

புவனேந்திரன் வாங்கினான், ஓடினான்,
கோடு தாண்டி, வேலியும் தாண்டி
ஏழாம் நம்பர் மலைத் தேயிலைக்குள் விழுந்து
பந்தை அமுக்கிக்கொண்டு கிடந்தான்.
விசில் அங்கே கேட்கவில்லை.

‘ஆட்டம் கைவிடப்பட்டது’ என்கிறது நோட்டீஸ் பலகை.

அட்டை கடித்த காலைச் சொறிந்தபடி
அவன் இன்னும் சொல்கிறான்:
ஐந்து புள்ளி.