ஐம்பத்தொன்று தூங்குகிறது

காலை பதினொன்றே முக்கால்.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி
சேகோ ஆலையின் எடைமேடை வாசலில் பதினேழு லாரிகள்.
எல்லாவற்றிலும் குச்சிக்கிழங்கு.
சீட்டு வரவில்லை.

"சர்வர் ஸ்லோ. புதுசு வாங்கிடலாமா?" என்றார் முதலாளி,
விலைகூடக் கேட்காமல்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்தேன்.
பிராசஸர் ஒன்பது சதவீதம்.
மெமரி பாதிக்குமேல் காலி.
ஜன்னலில் தெரிகிற சேர்வராயனைவிடக்
கொஞ்சம்தான் கூடுதலாய் அசைகிறது டிஸ்க்.

மெதுவாக ஓடுவது ஒரு நோய்.
ஓடாமல் காத்து நிற்பது வேறு.
பதினாறு வருடமாக
இதைச் சொல்லித்தான் சம்பாதிக்கிறேன்.

யார் யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.
எண்பத்திரண்டு சொன்னது, எழுபதுக்காக.
எழுபது, அறுபத்தாறுக்காக.
பில்லிங், கேட் பாஸ், குடோன், ஜிஎஸ்டி
எல்லாம் ஒன்றன் முதுகைப் பார்த்தபடி ஒன்று.
தலைமாட்டில் ஐம்பத்தொன்று:
அடுத்த வரிசை எண்ணைக் கைக்குள் வைத்துக்கொண்டு
பத்து பதினான்கிலிருந்து.
நிலை: தூங்குகிறது.

அது எந்த மெஷின்?
லேப், என்றான் பொன்னுரங்கன்.

அமலோற்பவம் தூங்கவில்லை.
கிழங்கைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சத்து பார்க்கிற தராசு
பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.
திரையில் லாரி நம்பர், காட்டுக்காரர் பெயர், ஊர் பேளூர்.
பாயிண்ட் என்ற கட்டம் மட்டும் காலி.
கர்சர் அங்கேதான் சிமிட்டியது.

"தராசு இருபத்தேழு காட்டுது.
இருபத்திநாலு போடச் சொல்றாங்க."
"மாட்டேன்னு சொன்னீங்களா?"
"சொல்லல சார்.
இன்னும் போடல. அவ்வளவுதான்."

போன் அடித்தது. "என்ன ப்ராப்ளம்?"
"ஒரு பூட்டு, சார்."
"உடைங்க."

உடைக்கலாம்.
ஒரு சொல், ஓர் எண், ஒரு என்டர்.
பேளூர் லாரி வந்ததே இல்லை என்று ஆகிவிடும்.
அந்தச் சொல்லை அடித்துவிட்டு
என்டரை மட்டும் அடிக்காமல் இருந்தேன்.

வெளியே வெயிலில் பதினேழு லாரிக் கிழங்கும்
தன் பாயிண்டைத் தானே இழந்துகொண்டிருந்தது,
நான் மில்லிசெகண்டில் அளக்கிற
அதே காத்திருப்பில்.
அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பிறகு இரண்டு விசை, ஒரு என்டர்.
அரை நொடியில் அறுபத்து மூன்று பேர் நகர்ந்தார்கள்.
எடைமேடைப் பிரிண்டர் கரகரத்தது.
அவள் போட்டதைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு.
பார்த்தேன்.
இருபத்தேழு.

சாயங்காலம், ஐந்து ரோட்டு லாட்ஜில் அறிக்கை எழுதுகிறேன்.
காரணம்: திரை திறந்திருக்கும்வரை பூட்டு விடுவதில்லை.
பரிந்துரை: வரிசை எண்ணைக் கடைசியில் எடுக்கவும்.
சரியான பரிந்துரை. பத்து வரி கோட்.
இனி யார் எவ்வளவு நேரம் யோசித்தாலும்
ஒரு லாரியும் நிற்காது.

இனி யார் எவ்வளவு நேரம் யோசித்தாலும்
யாருக்கும் தெரியாது.

அனுப்பு பொத்தான்மேல் அம்புக்குறி.
பாட்டரி பதினொரு சதவீதம்.