மணி இல்லாத வண்டி

பத்தொன்பது வருடமாக டிராம் ஓட்டுகிறேன்,
ஸாக்ரெப் நகரில்.
ஒருமுறைகூட எதையும் திருப்பியதில்லை.
திருப்புவது தண்டவாளத்தின் வேலை.
என் வேலை கிளம்புவது, நிற்பது,
குறுக்கே வருகிறவர்களுக்குக்
காலால் மணி அடிப்பது.

இதைச் சொன்னதும் ரோகோ சிரித்தான்.
இருபத்து மூன்று வயது, வாய் நிறைய அத்திப்பழம்.
"அப்படியானால் சுக்கானைப் பற்றித்
தப்பாக எதுவும் கற்றிருக்க மாட்டீர்கள்,
நல்லதாய்ப் போயிற்று."

முர்ட்டெர் தீவு, ஆகஸ்ட் கடைசி வாரம்.
முப்பத்தோரடி நீளப் பழைய பாய்ப்படகு.
பயில வந்தவர்கள் இரண்டே பேர்.
நானும், மரிபோர் வரி அலுவலகத்து மாத்யாஷும்.
முதல் நாளே அவர்
ஒரு நீல வாளியைத் தத்தெடுத்துக்கொண்டார்.

கட்டையை இடப்பக்கம் தள்ளினால்
படகின் மூக்கு வலப்பக்கம் போகிறது.
எனக்குப் புரிந்தது.
கைக்குப் புரிய மூன்று நாளாயிற்று.

காற்று வரும் திசைக்கு நேரே போக முடியாதாம்.
கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி,
கடன் கேட்கப் போகிறவன் போலச்
சுற்றிவளைத்துத்தான் போகவேண்டும்.
எதிரே தெரிந்த தீவு
ஒரு மணி நேரம் கழித்தும் எதிரே தெரிந்தது.
ஏன் தாமதம் என்று யாரும்
என் முதுகுக்குப் பின்னால் கத்தவில்லை.
அது ஒன்றுதான் விடுமுறை மாதிரி இருந்தது.

பாயின் விளிம்பு முதலில் முணுமுணுக்கும்,
அப்புறம் படபடக்கும்.
படபடத்தால் கயிற்றை இழு,
இல்லாவிட்டால் கட்டையை உன் பக்கம் இழு.
இரண்டையும் இழுத்து
ஒருமுறை நாங்கள் மூவரும் ஒரே மூலையில் குவிந்தோம்.

நான்காம் நாள், மத்தியானக் காற்று.
"நீங்களே பாருங்கள்" என்று
காப்பி போட உள்ளே இறங்கினான் ரோகோ.
மாத்யாஷ் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.
முன்பாய்க்குப் பின்னால் பாதிக் கடல் மறைந்திருந்தது.
அந்த மறைவிலிருந்து வந்தான்,
துடுப்புப் பலகையில் மல்லாந்து,
கண்ணை மூடி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு,
ஒரு பையன்.

என் வலது கால் தரையை உதைத்தது.
மறுபடி உதைத்தது.
மணி இல்லை.

ஸவ்ஸ்கா வீதியில், ஒரு பிப்ரவரி மாலையில்,
மணி இருந்தது.
சைக்கிள் வழுக்கி அவர் விழுந்ததும் அடித்தேன்,
பிரேக்கைப் பிடித்தபடி,
அடித்துக்கொண்டே போனேன்
அவர் கிடந்த இடத்துக்கு.
பிழைத்தார். இடுப்பு போயிற்று.
விசாரித்தவர்கள்
ஓட்டுநர் மீது தவறில்லை, விலக வழியில்லை
என்று எழுதிக் கொடுத்த தாள்
நான்காக மடிந்து இன்னும் என் பையில் இருக்கிறது.

கை, என்னைக் கேட்காமல்,
கட்டையை வெளியே தள்ளியது.
முழுதாக, கை நீளும் மட்டும்.
மூக்கு எழுந்து காற்றைப் பார்த்துத் திரும்ப,
இரண்டு பாயும் தகரக் கொட்டகை போல அதிர,
உள்ளே ஏதோ உடைந்து உருள,
பையன் எங்கள் பக்கவாட்டில் மிதந்து போனான்,
மூன்று கஜ தூரத்தில்.
ஒரு கண்ணைத் திறந்தான்.
கையசைத்தான்.
மூடிக்கொண்டான்.

சட்டையெல்லாம் காப்பியோடு ரோகோ மேலே வந்தான்.
"என்ன ஆயிற்று, ஏன் திருப்பினீர்கள்?"
"திருப்பினேன்" என்றேன்.
"அதுதான், ஏன்?"
"திருப்பினேன், ரோகோ."

மாலையில் என்னையே கரைசேர்க்கச் சொன்னான்.
பிரேக் இல்லாத வண்டியை நிறுத்த
காற்றை நேருக்கு நேர் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.
பார்த்தேன்.
படகு மூச்சு விட்டு, மெத்தென்று,
கல்மேடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.
பழக்கம் போகுமா,
தலையைத் திருப்பிப் பார்த்தேன்,
யாராவது இறங்குகிறார்களா என்று.

மாத்யாஷ் இறங்கினார்.
வாளியை மறந்துவிட்டார்.