நிலை அறிக்கை

பெட்டியைத் திறந்ததும் எழுத வேண்டியது
எண், அளவு, பழுது. அவ்வளவுதான்.
படம் பதினொன்று. ஆற்றங்கரை, மாலை மழை.
வல மேல் மூலையில் கடுகளவு புழுத்துளை.
நடுவில் ஒரு மடிப்பு, படகின் மேலாக ஓடுகிறது.
நீலம் வெளிறியிருக்கிறது.
மழை நன்றாக இருக்கிறது.

கடைசி வரியை அடிக்கச் சொன்னாள் ஹருமி,
படங்களோடு கூடவே விமானத்தில் வந்தவள்.
அடித்தேன். அடித்தது தெரிகிற மாதிரி அடித்தேன்.

மழையை யாரும் செதுக்குவதில்லை என்றாள் அப்புறம், டீ குடிக்கும்போது.
மழைக்கும் மழைக்கும் நடுவே இருக்கிற மரத்தை
எடுத்துவிடுகிறார்கள்.
மயிரிழை மிஞ்சுகிறது.
நிறத்துக்கு ஒரு பலகை. அத்தனை பலகைக்கும்
ஒரே மூலையில் ஒரு சின்ன வெட்டு உண்டு.
தாளை அந்த வெட்டில் பொருத்தாவிட்டால்
படகு ஒரு பக்கம், படகோட்டி ஒரு பக்கம்.

மண்டி ஹவுஸில் மே மாதம். வெளியே நாற்பத்தைந்து டிகிரி.
உள்ளே ஷகீல் பாய் ஏணி மேல் நின்று
வெளிச்சத்தை ஐம்பது லக்ஸுக்கு இறக்குகிறார்.
அதற்கு மேல் போனால் நீலம் தாங்காது.
பனி விழும் பாலத்தை எட்டிப் பார்த்து,
"இவங்கள்ல ஒருத்தருக்கும் முகமே இல்லையே" என்கிறார்.
பார்த்தேன். குடைக்கு அடியில் இரண்டு கால்.
மூட்டைக்கு அடியில் இரண்டு கால்.

நான் மயூர் விஹாரில் ஏறுகிறவள். நீல வழித்தடம்.
யமுனா பேங்க் தாண்டியதும் ஜன்னலில் ஆறு வரும்,
ஐம்பது வினாடி, இரண்டடிக்கு மூன்றடி.
மே மாதத்து ஆறு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது,
வாடகை பாக்கி வைத்தவனைப் போல.
மணலில் வெள்ளரிக் கொடிகள்.
மின்கம்பத்துக்கு வலது பக்கம் ஒரு நாணல் குடிசை,
குடத்தைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி, சிவப்புத் துப்பட்டா.
முகம் இல்லை. இந்தத் தூரத்துக்கு அது சரிதான்.

ஜூலையில் நீர் கோடுகளைத் தாண்டி வழிந்தது.
கொடி, மணல், குடிசை மூன்றுக்கும் ஒரே நிறம்.
கம்பத்தின் மேல்பாதி மட்டும் நின்றது.
கூடத்தில் ஈரப்பதம் ஐம்பத்தைந்து. ஒரு புள்ளி ஏறினால்
மணி அடிக்கும், நாங்கள் ஓடுவோம்.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல்
சாலையோரத் தார்ப்பாய்களுக்கு நடுவே நடந்தேன்.
சிவப்புத் துப்பட்டாக்கள் ஏழெட்டு இருந்தன.
ஜுலேகா என்றவளிடம் வீடு எங்கே என்று கேட்டேன்.
என் இந்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்
தண்ணீரைக் காட்டினாள்:
"அந்தக் கம்பம் தெரியுதா, அதுக்கு வலப்பக்கம்."
வல மேல் மூலை என்று கை தானாக எழுதப் பார்த்தது.
நாற்பது வயதிருக்கும். இடப் புருவத்தில் தழும்பு.
மடியில் ஓர் ஆட்டுக்குட்டி வைத்திருந்தாள், அது
ஈரமாக இருந்தது, என்னைப் பார்த்துத் தும்மியது.

மாதக் கடைசியில் படங்கள் பெட்டிக்குப் போயின.
இனி ஐந்து வருடம் இருட்டில் ஓய்வு.
வந்த நிலையிலேயே திரும்புகின்றன என்று கையெழுத்திட்டேன்.
ஹருமி எல்லாவற்றையும் ஒருமுறை படித்தாள்.
அடித்த வரியின் மேல் அவள் விரல்
கொஞ்சம் நின்று போனது.

அக்டோபரில் முள்ளங்கி போட்டிருந்தார்கள்.
நவம்பரில் கடற்காகங்கள் வந்தன.
நுரை எது பறவை எது என்று பார்க்க
மூக்குக்கண்ணாடி போட வேண்டியிருந்தது.

இன்று ஜனவரி. ஒன்றும் அச்சாகவில்லை.
வெறும் தாள். ஆறு இல்லை, கம்பம் இல்லை.
மெட்ரோ ஊர்கிறது, சால்வைக்குள் எல்லோரும்
போன் பார்க்கிறார்கள்.
மூன்றாவது பெட்டி, இரண்டாம் கதவு.
கண்ணாடியின் மூலையில் யாரோ சாவியால் கீறிய
ஒரு வெட்டு இருக்கிறது.
அதில் கண்ணைப் பொருத்தி
வலது பக்கம் பார்க்கிறேன்.