நானூறு கிலோ

எல் ஆல்ட்டோவில் எரிபொருள் ஊற்றுகிறவன் நான்.
கடல்மட்டத்துக்கு நாலாயிரம் மீட்டர் மேலே
குழாயைத் தூக்கினாலே மூச்சு வாங்கும்.
விமானத்துக்கும் அப்படித்தான்.
காற்று மெலிந்த ஊரில்
நெடுந்தூரம் ஓடித்தான் எழ முடியும் அதற்கு.

கேப்டன் வில்மா சோக்கேவாங்கா
மூக்கிலிருந்து வால்வரை சுற்றி வருவார்.
உச்சி வெயிலிலும் கையில் டார்ச்.
சக்கரக் குழிக்குள் தலையை விட்டு
எதையோ முகர்வார்.
கேண்டீன்காரி கோக்கா இலைத் தேநீர் நீட்டுவாள்,
ஊரே குடிப்பது.
இவருக்கு மட்டும் வெந்நீர்.
என்றைக்கு வேண்டுமானாலும் சிறுநீர் கேட்பார்கள்
என்பார், சிரிக்காமல்.

துணை விமானி தோரிக்கோ சொன்னான்:
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை
ஒரு பெட்டிக்குள் ஏற்றிப் பூட்டுவார்களாம்.
இயந்திரம் பற்றி எரியுமாம்,
புகை கண்ணை மறைக்குமாம்,
சக்கரம் இறங்க மாட்டேன் என்னுமாம்.
எழுபது தீ பார்த்தவர்.
நிஜத்தில் ஒன்றுகூட இல்லை.
அது முடிந்தால் கண், காது, இதயம்.
ஒரு டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் போதும்,
பத்தாயிரம் மணி நேரமும்
தோளின் நாலு பட்டைகளும்
அலமாரிக்குள் போய்விடும்.

கார்னிவலுக்கு மூன்று நாள் முன்பு
பிற்பகல் வெப்பம் பதினெட்டைத் தொட்டது.
எங்கள் ஊருக்கு அது கொள்ளிவெயில்.
சாந்தா குரூஸில் இடிமேகம் என்றது வானிலைத் தாள்.
நானூறு கிலோ கூடுதலாக ஊற்று, என்றார்.

அலுவலகத்து வில்யேகாஸ் ஓடி வந்தார்,
டை தோளில் புரள.
எடை தாங்காது கேப்டன்,
எண்ணெயைக் குறையுங்கள்.
உள்ளே பேண்டு வாத்தியக் கோஷ்டி,
நாளைக்குக் கச்சேரி.

எண்ணெய் இருக்கட்டும்.
டியூபாக்களை இறக்குங்கள்.

ஆள் அனுப்பவில்லை, தானே போனார்.
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி
இருக்கைகளுக்கு நடுவே நின்றாராம்.
கூச்சல் கீழே எனக்கே கேட்டது.
புகார் கொடுக்கப் பெயர் கேட்டார்கள்.
எழுத்துக்கூட்டிச் சொன்னார்,
இரண்டு தடவை.

டியூபா, முரசு, உடைப்பெட்டிகள்,
எல்லாம் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ
தார்த்தரையில் கிடந்தன.
காற்று ஒரு டியூபாவின் வாய்க்குள் புகுந்து
ஊதிப் பார்த்தது.
என் ரசீதில் அவர் கையெழுத்திட்டார்,
மூன்றாம் நகல்வரை பதியும் அழுத்தம்.

அன்று சாந்தா குரூஸில்
ஒரு மேகமும் இல்லை.
இடி வேறு பக்கம் போய்விட்டதாம்.
நானூறு கிலோவும் தொடாமல் போய் இறங்கியது.
கோஷ்டி இரவல் முரசு கொண்டு வாசித்தது.
பத்திரிகைப் படத்தில் கடைசி வரிசை
வெறுங்கையோடு நிற்கிறது.
வில்யேகாஸ் அதை வெட்டி
கேண்டீன் சுவரில் ஒட்டினார்.

மறுவாரம் அதே விமானம், அதே வெயில்,
வானிலைத் தாளில் அதே மேகம்.
படத்துக்கு முன்னால் நின்று
வெந்நீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.
பிறகு வெளியே வந்து
டார்ச்சை எடுத்துக்கொண்டு
மூக்கிலிருந்து ஆரம்பித்தார்.

நான் கேட்கவில்லை.
வால் பக்கத்திலிருந்து குரல் வந்தது,
நானூறு.