போட்டியா?

முதல் சுற்றில் ஓர் இடத்துக்குத்தான் போடலாம்.
கிடைத்துவிட்டால் போயே ஆகவேண்டும்.
மற்றதெல்லாம் தானே செத்துவிடும்.
கடைசி நாள் நவம்பர் பதினைந்து, நள்ளிரவு.

இதை எங்களுக்கு விளக்க
பாளையங்கோட்டையிலிருந்து வந்த சார்
ஒரு மணி நேரமும் பதினெட்டு ஸ்லைடும் எடுத்துக்கொண்டார்.
அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
"அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னா
வேற ஏவாரிக்குக் குடுக்கப்படாது. அதான?"
அதேதான் அப்பா.

போன வருஷம் அறுநூறு ஏத்தன் வாழை.
குலை தள்ளுமுன்னே விலை பேசி முடித்துவிட்டார்
காற்றுக்குப் பயந்து.
காற்று வரவில்லை.
சித்திரையில் விலை வந்தது, இரண்டு மடங்காக.
அந்த மாதம் முழுக்கக்
களக்காட்டுச் சந்தைப் பக்கமே போகாமல்
சிதம்பரபுரம் சுற்றி வீட்டுக்கு வந்தார்.
நான் எங்கே போடட்டும் என்று கேட்டதற்கு
"பாத்துப் போடு" என்று தட்டோடு எழுந்துவிட்டார்.

வடக்கே ஒன்று. பனி விழும் ஊர்.
முழுச் செலவும் அவர்களே தருவார்களாம்.
பெங்களூரில் ஒன்று. பாதிச் செலவு.
சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் இறங்கலாம்,
அம்மா தோசை கட்டிக் கொடுத்தால் கெடாது.

"ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு பேர எடுக்க மாட்டாவளாம்ட்டி"
என்றாள் பொன்னிசக்கி, வள்ளியூர் பஸ்ஸில்.
யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை.
ஆனாலும் ஏர்வாடி வருவதற்குள் பங்கு பிரித்துவிட்டோம்
கடலைமிட்டாயை உடைக்கிற மாதிரி.
அவளுக்குப் பனி. எனக்கு ரயில்.
பெரிய துண்டை அவளிடம் நீட்டியது நான்தான்.
இதை மறைக்காமல் எழுதவேண்டும்.
நான்தான்.

பதினைந்தாம் தேதி காலையிலிருந்து மழை.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரெக்ஸ்லின் அண்ணன் ஜெராக்ஸ் கடையில்
மூன்றாவது கம்ப்யூட்டர், 'அ' அழுத்தினால் இரண்டு விழும்.
எங்களை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
ஐந்நூறு சொற்களில், இங்கிலீஷில்.
பெங்களூருக்கு எழுதினேன்.
நூற்றுப்பத்தாவது சொல்லில் பொய் தீர்ந்துபோயிற்று.
வடக்குக்கும் சும்மா எழுதிப் பார்க்கலாமே என்று தொட்டேன்.
ஐந்நூற்று நாற்பதில்தான் நின்றது.

பத்தேகாலுக்குக் கரண்டு போனது.
யு.பி.எஸ். பூச்சி மாதிரிக் கத்தியது.
"இன்னும் பத்து நிமிஷம் தாங்கும் பாப்பா,
அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத" என்றார் அண்ணன்,
மெழுகுவத்திக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டே.

நாற்பது சொல்லை வெட்டவேண்டும்.
எனக்குத் தொகையிடல் சொல்லிக் கொடுத்த தோழி பற்றி
ஒரு பத்தி இருந்தது. முழுசாக எடுத்தேன்.
சரியாக ஐந்நூறு.

இருட்டில் என் முகத்தின் மேல் மட்டும் வெளிச்சம்.
அழுத்தினேன்.
நன்றி என்று வந்தது,
ஒரு பனிமலைப் படத்தின் மேல், பச்சை எழுத்தில்.

மறுநாள் ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்
நனைந்த குடையை வைத்து.
உட்காருமுன்னே கேட்டாள்:
"போட்டியா?"

விண்ணப்பத்தைத்தான் கேட்டாள்.
வேறெதுவும் இல்லை. தினமும் சொல்கிற சொல்தான்,
சோறு போட்டியா, பூட்டு போட்டியா மாதிரி.
"ம்" என்றேன். "நீ?"
"ம்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை.
அவளும் ஏன் கேட்கவில்லை என்று
திருக்குறுங்குடி விலக்கு தாண்டித்தான் எனக்கு உறைத்தது.
அதற்குள் அவள் கணக்கு நோட்டை விரித்து
நேற்று நான் விட்ட படியிலிருந்து
எனக்காகப் போட ஆரம்பித்திருந்தாள்.

வெளியே ஒரு வயலில் வாழை மொத்தமும் சாய்ந்து கிடந்தது.
அடுத்த வயலில் ஓர் இலைகூடக் கிழியவில்லை.
இந்த வருஷம் அப்பா யாரிடமும் அட்வான்ஸ் வாங்கவில்லை.
எங்கள் வயல்
ரோட்டிலிருந்து தெரியாது.