எட்டுப் பேர், அறுநூறு கிலோ

மூன்றாம் வாரமே கொடுத்துவிட்டேன்.
கை தாராளம்; புத்திக்கு அன்று விடுமுறை.
ஒரு பெட்டி. உள்ளே படுத்தால்
ஆறே நிமிடம்:
அறுந்த நரம்பு, வெந்த தோல், ஓட்டை விழுந்த நுரையீரல்,
எல்லாம் ஒட்டிக்கொண்டு எழுந்து வரலாம்.
செஸாரிதான் அதற்குத் தையல்காரி என்று பெயர் வைத்தான்.

அதன்பின் எங்கள் மேசையில் யாரும் சாகவில்லை.
சாகாதது இருக்கட்டும், பயப்படவும் இல்லை.
தன் விண்கல மாலுமியின் சுண்டுவிரலைப்
பந்தயத்துக்கு வெட்டிக்கொண்டான் செஸாரி,
ஒரே இரவில் மூன்று முறை.
இருபது முகப் பகடையை
ஊறுகாய் வெள்ளரித் தட்டின் ஓரத்தில்
பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள் போக்னா.

கிடினியாவில் டிசம்பர்.
ஜன்னல் இடுக்கில் கடல்காற்று சீட்டியடித்தது.
கதை நடத்துபவன் நான்; பகலில் லிப்ட் மெக்கானிக்.
கெட்டுப்போவதை நம்பித்தானே என் பிழைப்பு,
இதையும் கெடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

பேட்டரி தீர்ந்தது என்றேன்.
போக்னா மின்நிறுவனத்தில் கணக்காளர்.
காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
உலையிலிருந்து எத்தனை கம்பி, வழியில் எவ்வளவு இழப்பு,
தேநீர் ஆறுவதற்குள் முடித்துக் காட்டினாள்.
ஒரு சில்லு வெடித்தது என்றேன்.
அடுத்த நிலவில் பேரம் பேசி வாங்கிவிட்டார்கள்.
திருட்டுப் போனது என்றேன்.
மூன்று வெள்ளிக்கிழமை துரத்தினார்கள். நல்ல துரத்தல்தான்,
பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் பிடித்துவிட்டார்கள்.
"உன் பெட்டியைப் பார்த்து உனக்கே பொறாமை"
என்றாள் ஹால்ஷ்கா.

ஜனவரியில் ஒரு பதினோரு மாடிக் கட்டடம்.
லிப்ட் ஒழுங்காகத்தான் ஓடியது; சோதனைக்குப் போயிருந்தேன்.
கதவருகே தகடு: எட்டுப் பேர், அறுநூறு கிலோ.
யார் படிக்கிறார்கள் அதை,
ஒன்பதாவது ஆள் வாசலில் வந்து நிற்கும்வரை?

அந்த வெள்ளியன்று பெட்டியை நான் தொடவேயில்லை.
முழு மின்சாரம். புத்தம்புதுச் சில்லு.
ஒரு சுரங்க நிலையம் மட்டும் வைத்தேன்.
அதன் நடைவழியில் நாற்பத்தொரு பேர்,
எல்லார் நெஞ்சிலும் ஒரே தூசு.
இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டார்கள்.

"தையல்காரி இருக்கிறாளே" என்று சிரித்தான் செஸாரி.
போக்னாவின் பென்சில் ஓடியது. நின்றது.
இருபது, என்றாள்.
ரேடியேட்டருக்குள் தண்ணீர் முனகியது.

பகடையை உருட்டப் போனவன் கையை
ஹால்ஷ்கா பிடித்துக்கொண்டாள்.
சிறுநீரகப் பிரிவில் தாதி அவள்.
ரத்தம் கழுவ அங்கே ஆறு இயந்திரம்,
காத்திருப்போர் பட்டியல் மூன்று தாள்.
"யாரோ எழுதுவதை அங்கே ஆணியில் மாட்டுகிறேன்.
இங்கே நான் எழுதுகிறேன்.
பெயர் சொல்."

என்னிடம் பெயர் இல்லை.
அந்தப் பெட்டிக்கு ஒன்பது பக்கம் குறிப்பு வைத்திருந்தேன்,
குளிரூட்டி, அலைநீளம், தயாரித்த கம்பெனியின் முத்திரை உட்பட.
இவர்களுக்கு ஒரு வரி இல்லை, எண் மட்டும்.

சொல்லத் தொடங்கினேன்.
பல்லில்லாத வெல்டர் துரேக்.
வெடி வைக்கும் ஓர்னா; இன்று அவளுக்கு விடுப்பு நாள்.
சமையலறை இரட்டையர்,
ஒருத்தி பேசுவாள், மற்றவள் தலையாட்டுவாள்.
ஒவ்வொருவருக்கும் ஹால்ஷ்கா கேட்டாள்:
வயது? கூட யார் இருக்கிறார்கள்?
கடைசி டிராலிபஸ் தெருமுனையில் திரும்பிப் போனது.
யாரும் எழவில்லை.

இரண்டு மணிக்கு இருபது பெயருக்கு நேரே குறி.
தலையாட்டுகிறவளுக்கு இல்லை.

கோட்டு மாட்டும்போது, ஒரு கை உள்ளேயும்
ஒரு கை வெளியேயுமாக நின்று கேட்டாள் ஹால்ஷ்கா:
"பாதி தைத்து எழுப்பினால்?
மூன்று நிமிடம். மூச்சு விட்டால் போதும்,
மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்."

ஒன்பது பக்கத்தில் அது இல்லை.
முடியும், என்றேன்.

என் கட்டடத்தில் லிப்ட் கிடையாது.
படியிறங்கும் பூட்ஸ் சத்தம், நாலு, மூன்று,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றது.
போக்னாவின் குரல் மேலே ஏறி வந்தது:
"நாற்பது."

வெள்ளரித் தண்ணீரில் கிடந்த பகடையைத் துடைத்துக்கொண்டே
கீழ்க்கதவு சாத்தும் சத்தத்துக்குக்
காத்திருந்தேன், வெகுநேரம்.